பூச்சில்லாத எழுத்தைத் தேடி: மாசசூசெட்ஸில் எட்டு நாள்

முதல் நாள் – பிளிமத்

இருபத்தாறு வருஷம் ஒரு கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் நடத்தினேன். முதல் இரண்டு வாரமும் பியூரிட்டன்கள்தான், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், இதுல இலக்கியம் எங்க இருக்கு? எல்லாம் பிரசங்கமாவே இருக்கே" என்று கேட்கும். குறிப்பேட்டில் இருக்கிற பதிலைச் சொல்லி உட்கார வைப்பேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகும் உறுத்திக்கொண்டிருந்தது. மகள் இப்போது பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். "எங்கெங்க போகணும்னு சொல்லுங்கம்மா, நான் வண்டி ஓட்டறேன்" என்று லீவு போட்டுவிட்டாள். தினமும் இரவில் இங்கே எழுதுவதாக இருக்கிறேன்.

முதலில் பிளிமத். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் வந்து இறங்கிய ஊர். கடற்கரையில் தூண் வைத்த மண்டபத்துக்குள் ஒரு பாறை, மேலே 1620 என்று வெட்டியிருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் ஆளுநராக இருந்து அதன் கதையை எழுதிய வில்லியம் பிராட்ஃபோர்டு இந்தப் பாறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் பாறையை விட்டுவிட்டு மேட்டு இடுகாட்டுக்கு ஏறினேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிளிமத்துக்காரர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு அடியோடு பிரிந்தவர்கள். பத்து வருஷம் கழித்து 1630-இல் பாஸ்டன் பக்கம் வந்தவர்கள், சபைக்குள் இருந்தபடியே அதைச் சுத்தம் செய்ய நினைத்த பியூரிட்டன்கள். இரண்டு தரப்புக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். மனிதன் விழுந்துபோனவன். யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே குறித்துவிட்டார். நற்செயலால் அதை வாங்க முடியாது. ஆனால் நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று என் வாழ்க்கைக்குள் அடையாளம் தேடலாம், தேடியே ஆகவேண்டும். அந்தத் தேடல்தான் இவர்களைப் பேனா எடுக்க வைத்தது.

பிராட்ஃபோர்டின் நினைவுத் தூணில் எபிரேய எழுத்து இருக்கிறது. வேதம் எழுதப்பட்ட மொழியைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று முதுமையில் ஆசைப்பட்டு எபிரேயம் படித்தவர் அவர். தன் வரலாற்றுக் கையெழுத்துப் படியின் தாள்களிலேயே அந்தச் சொற்களை எழுதிப் பழகியிருக்கிறார். 1630-இல் தொடங்கி இருபது வருஷம் எழுதிய அந்தப் புத்தகத்தை எளிய நடையில், உண்மை ஒன்றையே கருதி எழுதுவதாகத் தொடக்கத்திலேயே வாக்குக் கொடுக்கிறார். வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறார். முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் செத்ததை எழுதுகிறார். திடமாக இருந்த ஆறேழு பேர் நோயாளிகளுக்கு விறகு வெட்டி, சமைத்து, அழுக்குத் துணி துவைத்ததை எழுதுகிறார்.

1620 டிசம்பரில், கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது, அவர் மனைவி டாரதி கடலில் விழுந்து இறந்துபோனார். வரலாற்றின் உடலில் அது இல்லை. கடைசியில் சேர்த்த பயணிகள் பட்டியலில் மட்டும், வந்த சில நாளில் மனைவி இறந்தாள் என்று ஒரு வரி. கப்பலிலிருந்து விழுந்தார் என்பதை எண்பது வருஷம் கழித்து பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் எழுதியதிலிருந்துதான் படிக்கிறோம். வகுப்பில் இந்த ஒரு வரியை நான் ஒருநாளும் சொன்னதில்லை. தூணுக்கு முன்னால் நின்றபோது அதுதான் நினைவில் நின்றது.

இரண்டாம் நாள் – ஹிங்ஹாம்

ஞாயிற்றுக்கிழமை. பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன் கூடங்களில் இன்றும் நிற்பது ஒன்றே ஒன்று, 1681-இல் கட்டிய ஹிங்ஹாம் 'பழைய கப்பல்' கோயில். இன்று யூனிடேரியன் சபையாருடையது. ஆராதனைக்கே போய் உட்கார்ந்தோம்.

அண்ணாந்து பார்த்தால் பெயர் எப்படி வந்தது என்று தெரிகிறது. கவிழ்த்து வைத்த கப்பலின் உட்புறம் அது. ஓக் மர உத்தரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து ஏறி நடுவில் சந்திக்கின்றன. கருத்துப்போன மரம், மேலே எந்தப் பூச்சும் இல்லை, செதுக்கிய தடம் அப்படியே இருக்கிறது. சிலுவையோ பலிபீடமோ படமோ கிடையாது. எல்லாக் கண்களும் போய்ச் சேர வேண்டிய இடம் உயரத்தில் இருக்கும் பிரசங்க பீடம். பெட்டி பெட்டியாக அடைத்த இருக்கைகள் பிற்பாடு வந்தவை, முதலில் வெறும் பெஞ்சுதான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் சிறுமியாக இருந்தபோது தரங்கம்பாடியில் எங்கள் கோயிலிலும் அப்படித்தான் உட்காருவோம்.

ஜன்னல்களில் நிறமில்லாத கண்ணாடி. சாயம் தீட்டிய கண்ணாடி வெளிச்சத்தைத் தடுப்பதைப்போல அலங்காரப் பிரசங்கம் சத்தியத்தைத் தடுக்கும் என்று இங்கிலாந்துப் பியூரிட்டன் ரிச்சர்ட் பேக்ஸ்டர் எழுதியிருக்கிறார். எளிய நடை என்பது ரசனைக் குறைவால் வந்ததல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு இந்த ஜன்னலைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் புரியவைத்திருப்பேன். லத்தீன் மேற்கோளை அடுக்குகிற போதகர் தன்னைக் காட்டுகிறார், வசனத்தை மறைக்கிறார் என்பது அவர்கள் வழக்கு. பிரசங்கத்துக்கு ஒரு கட்டு இருந்தது. முதலில் வசனம், பிறகு அதிலிருந்து பிழிந்த உபதேசம், அதற்கு நியாயங்கள், கடைசியில் 'இதனால் உனக்கு என்ன' என்கிற பயன். பீடத்தில் மணற்கடிகாரம் ஓடும். கீழே பலர் குறிப்பெடுப்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பிரசங்கம் என்று ஆயுள் முழுக்கக் கேட்ட காது அந்த ஜனங்களுடையது. அவர்கள் எதை எழுதினாலும், கடிதமோ நாட்குறிப்போ கவிதையோ, கடைசியில் அந்தப் 'பயன்' வந்து நிற்பது அதனால்தான்.

மூன்றாம் நாள் – பாஸ்டன்

காலையில் கிங்ஸ் சேப்பல் இடுகாடு. ஜான் வின்த்ரோப் இங்கே கிடக்கிறார். 1630-இல் ஆர்பெல்லா முதலான கப்பல்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரின் குடியேற்றத்தை நடத்தி வந்தவர். 'மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது' என்ற மத்தேயு வசனத்தைத் தன் ஜனத்துக்குப் பொருத்தியவர். இன்று அரசியல் மேடைகளில் அதைப் பெருமைப் பேச்சாக்கிவிட்டார்கள். முழுதாகப் படித்தால் அது எச்சரிக்கை. தேவனோடு செய்த உடன்படிக்கையில் தவறினால் உலகமே பார்க்க நாம் பழிச்சொல் ஆவோம் என்கிறார். ஒருவர் சுமையை ஒருவர் சுமக்க வேண்டும், மிஞ்சியதை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த உரையின் பெரும்பகுதி.

அதே வின்த்ரோப்தான் 1637-இல் ஆன் ஹட்சின்சனை விசாரித்துக் காலனியை விட்டுத் துரத்தினார். வீட்டில் கூட்டம் சேர்த்துப் போதகர்களின் பிரசங்கத்தை விவாதித்த பெண் அவர். தேவ ஆவி தன்னிடம் நேரே பேசியது என்று நீதிமன்றத்தில் சொன்னதும் வழக்கு முடிந்தது. அரசு மாளிகைக்கு வெளியே அவர் சிலை இப்போது மேலே பார்த்தபடி நிற்கிறது, பக்கத்தில் ஒரு குழந்தை. 1645-இல் வின்த்ரோப் தன் குறிப்பேட்டில், கனெக்டிகட் ஆளுநர் ஹாப்கின்ஸின் மனைவி அளவுக்கு மீறிப் படித்து எழுதியதால் புத்தி பேதலித்தாள், பெண்களுக்குரிய வேலையோடு நின்றிருக்கலாம் என்று எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் வேண்டியிருக்கும்.

மாலையில் காப்ஸ் மேடு. மேதர் குடும்பத்துக் கல்லறை வேலிக்குள் இருக்கிறது. சுற்றிலும் கருஞ்சாம்பல் ஸ்லேட் கற்கள், பலவற்றில் சிறகு முளைத்த மண்டையோடு. பல் வரிசையை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். உருவம் கூடாது என்று கோயிலில் விலக்கியவர்கள், இடுகாட்டில் கைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டன் மேதர் நானூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியவர். அவரிடம் எனக்கு ஒரு சொந்தப் பாத்தியதை உண்டு. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவுக்கு மேதர் பாஸ்டனிலிருந்து கடிதம் எழுதினார். பதில் வருமுன் 1719-இல் சீகன்பால்கு இறந்துவிட, உடன் ஊழியர் கிரண்ட்லர் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களை மேதர் 1721-இல் பாஸ்டனில் புத்தகமாகவே போட்டார். சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பணம் சேர்த்த, பாஸ்டனில் பிறந்த எலிஹு யேலிடம் கனெக்டிகட் கல்லூரிக்கு உதவி கேட்டவரும் இவரே. சீகன்பால்குவின் கல்லறை உள்ள புதிய எருசலேம் கோயிலில்தான் நான் ஞாயிறு பள்ளி படித்தேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மகள் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள் – கேம்பிரிட்ஜ்

விடாத மழை. ஹார்வர்டு வளாகத்தில் சிறிது நேரம்தான் நடந்தோம். 1636-இல் கல்லூரி, அடுத்து 1638-இல் அச்சு எந்திரம் கப்பலில் வந்தது. 1640-இல் இங்கே அச்சான, வேதாகமச் சங்கீதங்களின் பாட்டுப் புத்தகம் 1,700 பிரதி. மிஞ்சியிருப்பது பதினொன்று. ஒன்று 2013-இல் ஒரு கோடியே நாற்பத்தொரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதன் பாட்டுகள் கரடுமுரடானவை. எபிரேயத்தை விட்டு விலகக் கூடாது, ராகத்திலும் உட்கார வேண்டும் என்பதால் சொற்களை முறுக்கி முறுக்கிப் போட்டார்கள். முன்னுரையிலேயே, தேவனுடைய பலிபீடத்துக்கு எங்கள் மெருகு தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1647-இல் இந்தக் காலனியில் ஒரு சட்டம். ஐம்பது குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும், நூறு குடும்பம் இருந்தால் இலக்கணப் பள்ளி. வேதத்தை அறியவிடாமல் செய்வது சாத்தானின் பழைய தந்திரம் என்பதுதான் சட்டத்தில் சொன்ன காரணம்.

கேம்பிரிட்ஜ் போதகர் தாமஸ் ஷெப்பர்டின் குறிப்பேடுதான் எனக்கு மிக முக்கியம். சபையில் சேர விரும்புகிறவர் எல்லோர் முன்னும் எழுந்து, கிருபை தன்னிடம் எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'சாட்சி சொல்வது' என்போமே, அதே. விவசாயியும் வேலைக்காரப் பெண்ணும் சொன்னதை ஷெப்பர்டு எழுதி வைத்திருக்கிறார். முழு நிச்சயம் காட்டினால் அது மாயநிச்சயமாக இருக்கலாம், நம்பிக்கையே காட்டாவிட்டாலும் ஆபத்து. அதனால் ஒவ்வொரு சாட்சியும் நம்பிக்கைக்கும் பயத்துக்கும் நடுவே ஆடுகிறது. எழுத்தறியாத ஒரு பணிப்பெண்ணின் உள்மனமும் கேட்கத் தகுந்தது என்று ஒரு சமூகம் காது கொடுத்திருக்கிறது.

வளாகத்தில் ஒரு பலகை, 1655-இல் இங்கிருந்த இந்தியர் கல்லூரியைச் சொல்கிறது. ஜான் எலியட் மொழிபெயர்த்த வாம்பனோவாக் மொழி வேதாகமம் 1663-இல் அச்சானது. அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் முழு வேதாகமம் அது. அதற்கு எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்டர் என்ற நிப்மக் பழங்குடி இளைஞர். அவர் பெயர் திரும்ப வரும்.

ஐந்தாம் நாள் – வடக்கு ஆண்டோவர்

இந்தப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று மகளிடம் சொல்லியிருந்தேன்.

ஆன் பிராட்ஸ்ட்ரீட் 1612-இல் இங்கிலாந்தில் பிறந்தார். பதினெட்டு வயதில் ஆர்பெல்லா கப்பலில் வந்தார். எட்டுப் பிள்ளைகள். 1650-இல் அவர் கவிதைகள் லண்டனில் அச்சாகின. தங்கை கணவர் ஜான் உட்பிரிட்ஜ் அவருக்குத் தெரியாமலே கையெழுத்துப் படியைக் கொண்டுபோய் அச்சிட்டார். வின்த்ரோப் அந்தக் குறிப்பை எழுதி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தப் பெண் வீட்டு வேலையைக் குறைக்காமல், தூக்கத்தைக் குறைத்துத்தான் எழுதினார் என்று உட்பிரிட்ஜ் முன்னுரையில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

முதல் புத்தகத்தில் பெரும்பாலும் பெரிய பெரிய விஷயங்கள், நான்கு பூதம், நான்கு பருவம், நான்கு ராஜ்யம். நன்றாகப் படித்தவர் என்று தெரியும், அவ்வளவுதான். பிறகு வீட்டுக்குள் இருந்து எழுதியவைதான் இன்றும் உயிரோடிருக்கின்றன.

பழைய இடுகாடு மேப்பிள் மரங்களுக்குக் கீழே சரிவாக இருக்கிறது. அவரைப் புதைத்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது, நினைவுக்கல்தான் உண்டு. சிவந்த இலைகள் கல்லை மூடியிருந்தன. மகள் கையால் ஒதுக்கினாள். அங்கேயே உட்கார்ந்து இரண்டு கவிதைகளை வாய்விட்டுப் படித்தோம்.

1666 ஜூலை 10 இரவில் அவர்கள் வீடு எரிந்துபோனது. தீ, தீ என்ற அலறலில் விழித்து வெளியே ஓடிவந்து பார்க்கிறார். பார்க்க முடியாமல் போனதும், கொடுத்து எடுத்தவரின் நாமத்தை ஸ்தோத்திரித்தேன் என்கிறார். யோபுவின் சொல் அது: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.' ஒரு பிரசங்கமாக இருந்தால் அங்கே முடிந்திருக்கும். கவிதை முடியவில்லை. சாம்பலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண் அந்தப் பக்கமே போகிறது. இங்கே பெட்டி இருந்தது, இங்கே பெட்டகம், இந்த இடத்தில் எத்தனை தடவை உட்கார்ந்தேன், படுத்தேன். இனி உன் கூரைக்குக் கீழே விருந்தாளி உட்கார மாட்டார், உன் மேஜையில் ஒரு வாய் உண்ண மாட்டார், மெழுகுவர்த்தி எரியாது, மணவாளன் குரல் கேட்காது. ஒவ்வொரு சாமானாக எண்ணி விடைகொடுத்த பிறகுதான், எல்லாம் மாயை, என் வீடு மேலே இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு 'பயனு'க்கு வருகிறார். உபதேசம் கடைசியில் ஜெயித்துவிடுகிறது. ஆனால் நமக்கு நினைவிருப்பது அந்தப் பெட்டியும் மேஜையும்.

இன்னொன்று 1669-இல் எழுதியது. பேரன் சைமன், பிறந்து ஒரு மாதமும் ஒரு நாளும் ஆகி இறந்தான். அதற்கு முன்பே இரண்டு பேத்திகள் போயிருந்தார்கள். 'அவர் சித்தம் அது. ஏன் என்று தர்க்கிக்க வேண்டாம்' என்று எழுதுகிறார். வாயைத் தூளில் வைத்து, அவர் நீதியுள்ளவர், இரக்கமும் உள்ளவர் என்று 'சொல்வோம்' என்கிறார். சொல்வோம் என்ற அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஏழு வருஷம் முன்னால், 1662-இல், மைக்கேல் விக்கில்ஸ்வொர்த் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி 224 பத்திகளில் எழுதிய பாட்டு ஒரே வருஷத்தில் 1,800 பிரதி விற்றிருந்தது. அதில், தெரிந்துகொள்ளப்படாமல் இறந்த சிசுக்களுக்கு நரகத்தில் மிக இலேசான அறை ஒதுக்கப்படும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாட்டு சுற்றிக்கொண்டிருந்த ஊரில், ஒரு மாதக் குழந்தையை அடக்கம் செய்த பாட்டி எழுதிய வரி இது.

தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போன கடிதத்தில், தேவன் ஒருவர் உண்டா என்றே பலமுறை சந்தேகம் வந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சுயசோதனையைப் பழக்கமாக்கிய மதம்தான் அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். உன் நெஞ்சைத் தோண்டிப் பார் என்றது. அவர் தோண்டினார், கண்டதை எழுதினார்.

"அம்மா, இதை ஏன் எனக்கு முன்னாடியே படிச்சுக் காட்டல?" என்றாள் மகள்.

ஆறாம் நாள் – லான்காஸ்டர், பிரின்ஸ்டன்

1676 பிப்ரவரியில், வாம்பனோவாக் தலைவர் மெட்டகாம் ஆங்கிலக் குடியேறிகளை எதிர்த்து நடத்திய போரின் நடுவே, நிப்மக், நாரகான்செட், வாம்பனோவாக் பழங்குடி வீரர்கள் லான்காஸ்டர் ஊரைத் தாக்கினார்கள். போதகரின் மனைவி மேரி ரோலன்சன் பிடிபட்டார். பதினோரு வாரம் அவர்களோடு காடுகாடாக நடந்தார். பிரின்ஸ்டன் ஊரில் சாலையோரம் ஒரு பெரிய கருங்கல் பாறை, மேலே ஏறி நிற்கலாம். இங்கேதான் இருபது பவுண்டு மீட்புப் பணம் பேசி அவரை விடுவித்தார்கள்.

1682-இல் வந்த அவர் புத்தகம் இருபது 'இடமாற்ற'ங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் வசனம், ஒவ்வொரு துன்பத்திலும் தேவசித்தம். ஒரு இந்தியர் கொள்ளையில் கிடைத்த வேதாகமத்தைக் கொடுக்க, அவர் திறந்து 'கர்த்தருக்குக் காத்திரு' என்று படிக்கிறார். ஆனால் அதே பக்கங்களில் வேறொன்றும் நடக்கிறது. காயம்பட்ட ஆறு வயது சாராவை ஒன்பது நாள் மடியில் வைத்திருக்கிறார், பிள்ளை இறந்துபோகிறது. மெட்டகாம் தன் மகனுக்குச் சட்டை தைக்கச் சொல்லி ஒரு ஷில்லிங் கூலி கொடுக்கிறார். முன்பு தொடவும் மாட்டாத உணவு பசியில் ருசிக்கிறது. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிக்கொண்டே, தனக்குக் காட்டிய சிறுசிறு தயவையும் கணக்கு வைக்கிறார். நிப்மக் மக்களின் நிலம் பறிபோனதை அவர் பார்க்கவில்லை. அதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தப் புத்தகத்துக்குக் கேம்பிரிட்ஜில் எழுத்துக் கோத்தவர் அதே ஜேம்ஸ் பிரின்டர். போரில் தன் ஜனத்தின் பக்கம் இருந்துவிட்டு அச்சுக்கூடத்துக்குத் திரும்பியவர். தன் ஜனத்தைத் திட்டுகிற வரிகளைத் தன் விரலால் தலைகீழாகக் கோத்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் ரோலன்சன் சொல்கிறார்: முன்பெல்லாம் இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்குவேன், இப்போது அப்படி இல்லை. மற்றவர்கள் கண் மூடியிருக்கும்போது என் கண் விழித்திருக்கிறது.

ஏழாம் நாள் – சேலம்

அக்டோபரில் வந்தது தப்பு. சூனியக்காரித் தொப்பி வைத்த கூட்டம் தெருவை அடைத்திருந்தது. 1692-இல் சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டி இங்கே பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், எண்பது வயது தாண்டிய கைல்ஸ் கோரியைக் கல் ஏற்றிக் கொன்றார்கள். நினைவிடத்தில் இருபது கல் பெஞ்சுகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பெயரும் நாளும் கொன்ற விதமும். அங்கே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

நெஞ்சுக்குள் அடையாளம் தேடுகிற பழக்கம் அடுத்தவன் நெஞ்சில் தேடத் தொடங்கினால் எங்கே போகும் என்பது இந்த ஊர். அந்த நீதிபதிகளில் சாமுவேல் சூவல் மட்டும் 1697 ஜனவரியில் பாஸ்டன் சபையில் தன் இருக்கையை விட்டு எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் தன்னுடையவை என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்து முடிக்கும்வரை நின்றார். 1700-இல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து நியூ இங்கிலாந்தில் முதல் துண்டு நூலை அச்சிட்டவரும் அவரே.

எட்டாம் நாள் – என்பீல்டு, வெஸ்ட்ஃபீல்டு

கனெக்டிகட் எல்லையில் என்பீல்டு. சாலையோரப் புல்வெளியில் ஒரு கல், ஜோனதன் எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8-இல் இங்கே பிரசங்கித்தார் என்கிறது. 'ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்' என்பது வசனம். நெருப்புக்கு மேலே சிலந்தியைப் பிடித்திருப்பதுபோல தேவன் உன்னைப் பிடித்திருக்கிறார் என்றார். கூட்டம் அலறிய அலறலில் பிரசங்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது என்று அங்கிருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். இளம் வயதில் எட்வர்ட்ஸ் சிலந்திகளை நாள்கணக்கில் கவனித்து, அவை நூல் விட்டுக் காற்றில் மிதந்து போவதை வியந்து எழுதியவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

அங்கிருந்து வெஸ்ட்ஃபீல்டு. போதகர் எட்வர்ட் டெய்லர் ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சின்ன ஊரில் ஊழியம் செய்தார். திருவிருந்துக்குத் தன்னை ஆயத்தப்படுத்தத் தியானப் பாட்டு எழுதினார். அச்சுக்குக் கொடுக்கவில்லை. வேறொரு பாட்டில் தன்னை ராட்டையாக்கச் சொல்கிறார். உம் வசனம் என் கதிர்க்கோல் ஆகட்டும், என் பாசம் விரைந்து சுழன்று நூல் முறுக்கும் கருவியாகட்டும், என்னைத் தறியாக்கி நீரே நெய்யும், சாயம் தோயும், அந்த ஆடையை எனக்கு உடுத்தும் என்கிறார். எளிய நடைக்காரர்களின் சந்ததி, யாரும் பார்க்காத தாளில் இத்தனை வண்ணத்தைக் கொட்டியிருக்கிறது. அந்தத் தாள்கள் பேரன் எஸ்ரா ஸ்டைல்ஸ் வழியாக யேல் நூலகத்துக்குப் போய், 1937 வரை அச்சேறாமல் அங்கேயே கிடந்தன.

இடுகாட்டில் அவர் கல்லைக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது, வெளிச்சம் சாய்ந்திருந்தது. மகள் போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள், எழுத்து நிழலோடு எழுந்து வந்தது. முதியவர், வணக்கத்துக்குரியவர், கல்விமான், பக்தியுள்ளவர், இந்த ஊர்ச் சபையின் போதகர், தேவனுக்கும் தன் தலைமுறைக்கும் உண்மையாய் ஊழியம் செய்து 1729 ஜூன் 24-இல் நித்திரையடைந்தார் என்று இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.